பாதியான கரும்புக்காடு: மொரீஷியஸும் பிஜியும்

மொரீஷியஸ் இந்தியப் பெருங்கடலில் கிடக்கிறது, பிஜி தென்பசிபிக்கில். நடுவே சுமார் 12,000 கிலோமீட்டர் தூரம். ஆனாலும் நில வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இவ்வளவு பொருத்தமான ஜோடி எளிதில் கிடைக்காது. ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்த எரிமலைத் தீவுகள் இரண்டும். இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை. இரண்டிலும் கரும்பு நட்டவர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். அவர்களில் தமிழர்களும் கணிசமாக இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டும் ஐரோப்பாவையே நம்பிச் சர்க்கரை விற்றன. இன்று இரண்டிலும் கரும்பு நிலம், உச்சத்தில் இருந்ததில் பாதிதான்.

கணக்கைச் சொல்லிவிடலாம். மொரீஷியஸில் 1970களில் ஆண்டுதோறும் சுமார் 80,000 ஹெக்டேரில் கரும்பு வெட்டினார்கள். முக்கியத் தீவின் பரப்பே 1,865 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், கண்ணில் பட்ட நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரும்பு. இப்போது வெட்டுவது 40,000 ஹெக்டேரைச் சுற்றி. பிஜியின் உச்சம் பிந்தி, 1990களின் நடுவில் வந்தது. 70,000 ஹெக்டேரைத் தாண்டியது. இன்று அங்கே 40,000க்கும் குறைவு. பிஜி 18,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாடு, முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள். ஆகவே கரும்பு அதன் உச்சத்திலும் மொத்த நிலத்தில் நான்கு சதவீதம் அளவுதான். ஆனால் விதி லெவு, வனுவா லெவு என்ற இரண்டு பெரிய தீவுகளின் உலர்ந்த பக்கங்களில், அதாவது சமவெளியும் சாலையும் உள்ள இடங்களில், பயிர் என்றாலே கரும்புதான்.

இந்தச் சரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஐரோப்பிய விலைக்குறைப்பு. 2006இல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியம் தான் கொடுத்துவந்த சர்க்கரை விலையை 36 சதவீதம் வெட்டியது. அடி இரண்டு நாடுகளுக்கும் ஒரே அடி. ஆனால் விலை விழுவது உழவரின் வருமானத்தைத்தான் நேரடியாகத் தொடுகிறது. வருமானம் போன நிலம் அடுத்து என்னவாகும் என்பது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மொரீஷியஸில் நிலத்தின் சொந்தக்காரர் விவசாயத்தை விட்டு வெளியேற விரும்பினார். வெளியேறவும் வழி இருந்தது. பிஜியில் பயிர் செய்தவர் தொடர விரும்பினார், தொடர வழியில்லை. இரண்டு நாட்டுச் சரிவுக் கோடுகளும் வரைபடத்தில் ஒன்றுபோல் தெரியலாம். அவற்றின் பொருள் ஒன்றல்ல என்பதே இந்த ஒப்பீட்டில் நான் சொல்ல வருவது.

வேறுபாட்டின் தொடக்கத்தைத் தேடிப் போனால் இரண்டு நாடுகளிலும் ஒரே ஆளைச் சந்திக்கிறோம்: ஆர்தர் கார்டன். 1871 முதல் 1874 வரை மொரீஷியஸின் ஆளுநர். 1875இல், பிரிட்டன் கையகப்படுத்தி ஒரு வருடம்கூட ஆகாத பிஜிக்கு ஆளுநராகப் போனார். மொரீஷியஸில் அவர் கண்டது முழுக்க முழுக்கத் தோட்ட முதலாளிகளின் தீவு. அவர் பதவியேற்ற 1871இலேயே, அடோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் என்ற ஐரோப்பியரின் துணையோடு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய இந்தியக் கூலிகள் கையொப்பமிட்ட மனு ஒன்று அவரிடம் வந்தது. அடையாளச் சீட்டு இல்லாமல் தெருவில் நடக்க முடியாது, போலீஸ் பிடிக்கிறது, முதலாளி கூலி கொடுக்க மறுக்கிறார் என்பவை அதிலிருந்த குறைகள். அரச விசாரணைக் குழு அமைந்தது அதன் பிறகுதான்.

அப்படிப்பட்ட அனுபவத்தோடு பிஜிக்குப் போனவர் அங்கே கண்டது வேறு. 1875இன் தொடக்கத்தில் கப்பலில் வந்த தட்டம்மை, பூர்வகுடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைக் கொன்றிருந்தது. எஞ்சியவர்களைத் தோட்ட வேலைக்குப் பிடித்துக் கொடுத்தால் அந்த இனமே அழிந்துவிடும் என்று கார்டன் அஞ்சினார். அவர்களது நிலத்தை வெளியாருக்கு விற்பதைத் தடுத்தார். ஆனால் காலனியின் செலவுக்குக் காலனியே சம்பாதிக்க வேண்டும் என்பது லண்டனின் விதி. எனவே மூலதனத்துக்குச் சிட்னியின் சி.எஸ்.ஆர். சர்க்கரைக் கம்பெனியை வரவழைத்தார்; உழைப்புக்கு, மொரீஷியஸில் பார்த்த அதே இந்தியக் கூலி முறையைக் கொண்டுவந்தார். முதல் கப்பல் லியோனிடாஸ் 1879 மே மாதம் வந்து சேர்ந்தது. நிலம் பூர்வகுடிக்கு, உழைப்பு இந்தியருக்கு, லாபம் சிட்னிக்கு. நூறு வருடம் கழித்து வெடிக்கப்போகும் சிக்கல், இந்த நல்லெண்ண ஏற்பாட்டிலேயே இருந்தது. நல்லெண்ணம் என்று நான் சொல்வது கிண்டலாக அல்ல. பூர்வகுடிகளின் நிலம் இன்றும் அவர்கள் கையில் இருக்கும் காலனி நாடுகள் உலகில் மிகச் சில. பிஜியில் அது மொத்த நிலத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல்.

மொரீஷியஸில் பூர்வகுடி நிலம் என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கே பூர்வகுடிகள் இல்லை. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தபோது அது ஆளில்லாத தீவு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்களுக்கு நிலத்தை வழங்கியது. லா பூர்தொனே ஆளுநராக இருந்த 1740களில் வில்பாக்கில் சர்க்கரை ஆலை எழுந்தது. 1810இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தபோது பிரெஞ்சு முதலாளிகளின் சொத்தையும் சட்டத்தையும் தொடவில்லை. 1825இல் லண்டன் மொரீஷியஸ் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்கும் ஒரே சுங்கம் என்று அறிவித்ததுதான் பெரிய திருப்பம். அந்த ஆண்டு சுமார் 11,000 டன்னாக இருந்த உற்பத்தி, 1850களின் நடுவில் லட்சம் டன்னைத் தொட்டது. காடு அழிந்தது, இன்று தீவில் நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்பார்கள். 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியாவிலிருந்து வந்த கூலிகள் சுமார் நான்கரை லட்சம் பேர். சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

மொரீஷியஸின் கரும்பு வயல்களைப் படத்தில் பார்த்தவர்கள் நடுவில் கருங்கல் குவியல்களையும் பார்த்திருப்பார்கள். எரிமலைப் பாறைகளைக் கையால் பொறுக்கி, வரிசையாகவும் கோபுரம்போலும் அடுக்கி வைத்த குவியல்கள் அவை. நிலத்தை இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கல் பொறுக்கி உண்டாக்கினார்கள். அந்தக் கை யாருடையது, பட்டா யாருடையது என்று பார்த்தால் தீவின் வரலாறு விளங்கிவிடும். ஆனால் பட்டா முழுவதும் ஒரே பக்கம் தங்கிவிடவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரை விலை சரிந்தது, மலேரியாவும் வந்தது. கடனில் சிக்கிய தோட்டங்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றன. ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் சேமித்த காசில் அவற்றை வாங்கினார்கள். மொரீஷியஸின் சிறு கரும்பு விவசாயி என்ற வர்க்கம் பிறந்தது இப்படித்தான். நல்ல நிலம் தோட்டத்தோடு, கல் நிலம் சிறு விவசாயியோடு. ஆனாலும் அது சொந்த நிலம்.

பிஜியில் ஒப்பந்தம் முடிந்தவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. விலைக்குக் கிடைக்கும் பட்டா நிலம் நாட்டில் எட்டு சதவீதம் அளவுதான். 1920இல் ஒப்பந்தக் கூலி முறை முற்றாக ஒழிந்தபோது, தோட்டத்தில் வேலை செய்ய ஆளில்லாமல் சி.எஸ்.ஆர். தன் தோட்டங்களைப் பத்துப் பத்து ஏக்கராக வெட்டிக் குத்தகைக்கு விட்டது. அறுபதாயிரத்துக்கும் மேல் வந்திருந்த கூலிகளில் சுமார் 15,000 பேர் 1903க்குப் பிறகு சென்னை வழியாக வந்த தென்னிந்தியர்கள். பாரதியார் பாடிய கரும்புத் தோட்டம் இவர்களுடையது. தோட்டம் பத்து ஏக்கராகச் சிதறிய பிறகு அதே குடும்பங்கள் குத்தகைதாரர்களாக மாறின. கம்பெனி நிலம் போதாமல் பூர்வகுடி நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தார்கள். அந்த நிலங்களை நிர்வகிக்க, பூர்வகுடித் தலைவர் ராத்து சுகுணாவின் முயற்சியில், 1940இல் பூர்வகுடி நில அறக்கட்டளை வாரியம் அமைந்தது. அதன்பின் இந்தியர் உழவு என்றாலே வாரியத்தின் குத்தகை என்றாயிற்று.

1960களில் பத்து வருடக் குத்தகை முடிந்தால் வெளியேற வேண்டும் என்ற அச்சம் பெருகி, ஒரு சட்டம் வந்தது. பத்து வருடம், அதன்மேல் இரண்டு முறை பத்துப் பத்து வருட நீட்டிப்பு. 1976இல் அதையும் திருத்தி, குறைந்தபட்சக் குத்தகை முப்பது ஆண்டு என்றார்கள். வாடகை நிலத்தின் மதிப்பில் ஆறு சதவீதம். அந்த மதிப்பில் விவசாயி செய்த மேம்பாடு சேராது. அந்தக் காலத்தில் முப்பது வருடம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் சட்டம் அமலுக்கு வந்த 1967ஐ முதல் ஆண்டாக வைத்தால் கெடு 1997.

அதற்குள் நல்ல காலம் ஒன்று வந்துபோனது. பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்ததால், பழைய காலனிகளின் சர்க்கரைக்கு 1975இல் லோமே உடன்படிக்கையின் சர்க்கரை நெறிமுறை உத்தரவாதம் தந்தது. மொரீஷியஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 4.9 லட்சம் டன், பிஜிக்குச் சுமார் 1.65 லட்சம் டன். இந்த ஒதுக்கீட்டில் முதலிடமும் இரண்டாமிடமும் இவர்களுக்கே. பல ஆண்டுகள் அந்த விலை உலகச் சந்தை விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மொரீஷியஸ் ஏற்கெனவே 1973இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டி உற்பத்தி செய்திருந்தது. இனி விரிவதற்கு நிலம் இல்லை. பிஜியில் இருந்தது. வனுவா லெவுவின் சியாங்காங்காவில் பூர்வகுடிகளையும் கரும்புக்குக் கொண்டுவரும் பெரிய திட்டம் ஓடியது. மேட்டு நிலம், சரிவு நிலம் எல்லாவற்றிலும் கரும்பு ஏறியது. 1994இல் பிஜி ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்தது. அதில் ஒரு பகுதி பயிர் செய்திருக்கவே கூடாத சரிவுகளில் விளைந்தது என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பிய விலை இல்லையென்றால் அந்த நிலங்கள் கரும்பைப் பார்த்திருக்காது. பிஜியின் வீழ்ச்சியை அளப்பவர்கள் இந்த ஊதிப்போன உச்சத்திலிருந்து அளக்கிறார்கள்.

வீழ்ச்சி முதலில் வந்தது பிஜியில். 36 சதவீத வெட்டுக்கு ஒன்பது ஆண்டு முன்பே குத்தகைகள் முடியத் தொடங்கின. 1997 முதல் முப்பது ஆண்டுகளில் முடியவேண்டியவை சுமார் 13,000. நிலச்சொந்தக்காரர்களான பூர்வகுடிக் குலக்குழுக்களில் பலர் புதுப்பிக்க மறுத்தார்கள். சிலர் தாங்களே பயிர் செய்ய விரும்பினார்கள், சிலர் அதிகப் பணம் கேட்டார்கள், சிலருக்கு 1987 ராணுவப் புரட்சிக்குப் பிறகு இந்தியர் மீது வளர்ந்த கசப்பு. கரும்பு விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்த மகேந்திர சவுத்ரி 1999இல் பிரதமரானபோது, வெளியேற்றப்பட்ட விவசாயிக்கு 28,000 பிஜி டாலர் நிவாரணம் என்று அறிவித்தார். ஒரே ஆண்டில், 2000 மே மாதம், அவரது ஆட்சியே கவிழ்க்கப்பட்டது. குத்தகை இழந்த குடும்பங்கள் தலைநகர் சுவாவுக்கும் நௌசோரிக்கும் இடைப்பட்ட குடிசைப் பகுதிகளுக்கும், முடிந்தவர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவுக்கும் போனார்கள். 1986இல் மக்கள்தொகையில் பாதியை ஒட்டியிருந்த இந்தியர் பங்கு 2007 கணக்கெடுப்பில் 37 சதவீதத்தை ஒட்டியது.

நிலச்சொந்தக்காரர் பக்க நியாயத்தைத் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆறு சதவீத வாடகை குறைவு. மதிப்பீடும் அடிக்கடி புதுப்பிக்கப்படவில்லை. வந்த வாடகையில் வாரியம் தன் செலவைப் பிடித்துக்கொண்டது. மிச்சத்தில் முப்பது சதவீதம் மூன்று படித் தலைவர்களுக்கு. குலக்குழுவின் சாதாரண உறுப்பினர் கைக்கு வந்தது சில்லறை. தன் நிலத்தில் இன்னொருவர் கரும்பு வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தவருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. வாடகையை எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாகப் பிரிக்கும் விதி 2011ஐ ஒட்டித்தான் வந்தது. இருபது வருடம் முன்பே வந்திருந்தால் எத்தனை குத்தகைகள் பிழைத்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

பரப்பைப் பற்றிப் பேசும்போது விளைச்சலையும் பேச வேண்டும், ஏனென்றால் பிஜியில் விளைச்சல்தான் முதலில் விழுந்தது. கரும்பு ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் மறுதாம்பு விட்டு வெட்டலாம். மொரீஷியஸில் ஏழெட்டு வெட்டுக்குப் பிறகு பிடுங்கிவிட்டுப் புதுக் கரணை நடுவது வழக்கம். நடவுதான் பெரிய செலவு. அந்தப் பணம் திரும்பிவரப் பல ஆண்டுகளாகும். மூன்று வருடத்தில் குத்தகை முடியப்போகிறது என்று தெரிந்த விவசாயி எதற்கு நடுவார்? பழைய கட்டையையே விட்டுவைத்து, உரத்தைக் குறைத்து, கிடைத்ததை வெட்டினார். இப்படி ஆயிரக்கணக்கான வயல்கள் கிழட்டுக் கட்டைகளாக மாறின. பொதுவாக ஹெக்டேருக்கு மொரீஷியஸ் எழுபது டன்னுக்கு மேல் எடுக்கும்போது பிஜி ஐம்பதைத் தொடத் திணறுகிறது. 1990களின் நடுவில் நாற்பது லட்சம் டன்னைத் தாண்டிய கரும்பு, இப்போது பதினைந்து லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. பரப்பு பாதியானது, கரும்பு பாதிக்கும் கீழே போனது. குத்தகைச் சீட்டில் இருக்கும் தேதி பயிரின் வேரில் தெரிவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மொரீஷியஸின் கதையில் அடிதடியும் இல்லை, வெளியேற்றமும் இல்லை; எல்லாம் சட்டப்படி, திட்டப்படி நடந்தது. ஐரோப்பா விலையை வெட்டப்போகிறது என்பதை அவர்கள் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டார்கள். 2001இல் தொடங்கிய திட்டத்தில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்றார்கள். பணத்தோடு ஒரு துண்டு மனையும் கிடைத்தது. வயல்களில் கற்குவியல்களை இயந்திரத்தால் அகற்றி, அறுவடை இயந்திரம் ஓடும்படி நிலத்தைச் சீராக்கினார்கள். 1970களில் இருபதைச் சுற்றி இருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, இன்று மூன்று. கச்சாச் சர்க்கரையை விட்டு வெள்ளைச் சர்க்கரைக்கும், விலை கூடிய பழுப்புச் சர்க்கரை வகைகளுக்கும் மாறினார்கள். சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து அரசுக்கு விற்றார்கள்.

இந்தச் சீரமைப்புக்குப் பணம் எங்கிருந்து? ஐரோப்பா நிவாரணம் தந்தது. மீதி நிலத்திலிருந்து வந்தது. ஓய்வுத் தொகைக்கும் ஆலை மூடும் செலவுக்கும் ஈடாக, கரும்பு நிலத்தை மாற்றி விற்கச் சட்டமே கம்பெனிகளுக்குச் சலுகை கொடுத்தது. 2002இல் வந்த ஐ.ஆர்.எஸ். என்ற திட்டத்தின்படி வெளிநாட்டவர் குறைந்தது 5 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வில்லா வாங்க முடிந்தது. வாங்கியவருக்குக் குடியிருப்பு உரிமையும் கிடைத்தது. கிழக்குக் கரையில் போ ஷாம்ப் பக்கம் கரும்பு விளைந்த தோட்டத்தில் கால்ஃப் மைதானம் வந்தது. எபெனில் கரும்பு நின்ற இடத்தில் கணினி நகரம் எழுந்தது. 2015இல் ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டம். மோக்காவிலும் போ பிளானிலும் அதை நடத்துபவை பழைய சர்க்கரைக் குழுமங்களே. கரும்பு முதலாளி மனைத் தொழில் முதலாளியானார். ஆள் மாறவில்லை. பயிர் மட்டும் போனது.

சிறு விவசாயிக்கு இந்த வழி கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. மொரீஷியஸில் இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் வாரிசுமுறைதான். அப்பா இறந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. மூன்று தலைமுறையில் அது பிரிக்கப்படாத கூட்டுப் பட்டாவாகிவிடும்: ஒருவர் போர்ட் லூயியில் அரசு வேலை, ஒருவர் பாரீஸில், ஒருவர் இறந்துவிட்டார். வெட்டுக்கூலி கரும்பு விலையைத் தின்றுவிடும்போது அந்த நிலம் சும்மா கிடக்கிறது. நூற்றைம்பது வருடம் முன் ஒப்பந்தக் கூலி கல் பொறுக்கிச் சேர்த்த நிலத்தின் கதி இது. 2000களின் நடுவில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் இருந்த சிறு விவசாயிகள் இப்போது அதில் பாதிகூட இல்லை. சிறு நிலங்களை ஒன்றுசேர்த்துக் கல் அகற்றிப் பாசனம் தரும் அரசுத் திட்டம் சிலரை நிறுத்தியது, எல்லோரையும் அல்ல. மொரீஷியஸின் பாராட்டப்பட்ட சீர்திருத்தம் பெருநிலத்துக்குத் தைத்த சட்டை என்பது என் கணிப்பு.

ஐரோப்பிய வெட்டு பிஜியை அடைந்தபோது நிலைமை இன்னும் மோசம். சர்க்கரை நெறிமுறை 2009 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடாக வரவேண்டிய உதவித்தொகையை, 2006 டிசம்பர் ராணுவப் புரட்சியைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. மொரீஷியஸ் அதே பணத்தில் ஆலைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது பிஜி பழைய இயந்திரங்களை ஒட்டுப்போட்டு ஓட்டியது. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் ரகிராகியின் பெனாங் ஆலையைச் சிதைத்தது. ஆலை பிறகு திறக்கவில்லை. லௌடோகா, பா, லம்பாசா என மூன்று ஆலைகள் மிஞ்சின. ஆலை தூரமானால் லாரி வாடகை கூடும். வாடகை கூடினால் ஓரத்து வயல் கைவிடப்படும். நிலம் குறைந்து ஆலை மூடுவதும், ஆலை மூடி நிலம் குறைவதும் ஒன்றையொன்று துரத்துகின்றன.

இனி, விட்டுப்போன நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மொரீஷியஸில் சிமெண்டு, சாலை, புல்தரை, தரிசு. பிஜியில் கொய்யாப் புதர், நாணல், ஆப்பிரிக்கன் துலிப் மரம். செந்நிறப் பூ பூக்கும் அந்த மரம் பார்க்க அழகு, விவசாயிக்கு எமன். நான்கைந்து வருடம் விட்ட வயலை அது காடாக்கிவிடும், வெட்டினால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனாலும் அது மரம்தான். கூலியும் ட்ராக்டரும் இருந்தால் அந்த நிலத்தை மீட்கலாம். வில்லாவை மீட்க முடியாது.

புள்ளிவிவரத்தில் இந்த வேறுபாடு தலைகீழாகத் தெரிகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் நிறுவனம் ஐந்து ஆண்டுக்குக் குறைவாகத் தரிசாகக் கிடக்கும் நிலத்தையும் பயிர்நிலமாகவே எண்ணும். மொரீஷியஸில் நிலம் மாற்ற அனுமதி வாங்க வேண்டும், எனவே தாளில் பதிவாகும். பிஜியில் கைவிடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. புதர் வளர்ந்து பல வருடம் கழித்துத்தான், அதுவும் யாராவது போய்ப் பார்த்தால்தான், கணக்கு குறையும். மொத்தப் பயிர்நிலத்தின் நீண்டகால வரிசையை மட்டும் பார்த்தால் பிஜியின் சரிவு மென்மையாகத் தோன்றும். ஆலைக்கு வந்த கரும்பின் எடைதான் உண்மையைச் சொல்கிறது.

பிஜிக்கு இன்னொரு நியாயமும் செய்ய வேண்டும். அங்கே பயிர்நிலம் என்பது கரும்பு மட்டும் அல்ல. 1993இல் சமோவாவின் சேப்பங்கிழங்கை இலைக்கருகல் நோய் அழித்தபோது, நியூசிலாந்துச் சந்தை பிஜியிடம் வந்தது; தவேயுனி தீவு சேப்பங்கிழங்கு ஏற்றுமதிக்கு மாறியது. பானத்துக்கான கவா வேர் சாகுபடியும் பெருகியது. இவற்றைப் பெரும்பாலும் செய்பவர்கள் பூர்வகுடிகள், தங்கள் சொந்த நிலத்தில், மலைப்பகுதிகளில். பயிர் அழிந்துவிடவில்லை, சமவெளியிலிருந்து மேட்டுக்கும், குத்தகைதாரர் கையிலிருந்து சொந்தக்காரர் கைக்கும் ஓரளவு நகர்ந்திருக்கிறது. இந்த நகர்வு கரும்பு இழந்த பரப்பை ஈடுகட்டவில்லை என்பது உண்மை. ஆனால் பிஜியின் உழவு அழிந்தது என்று இரங்கல் எழுதுபவர்கள் இந்தியர் கரும்பை மட்டுமே உழவாகக் கருதுகிறார்கள்.

மொரீஷியஸில் அப்படி நகர இடமில்லை. கரும்பு விட்ட 40,000 ஹெக்டேரில் காய்கறியும் கிழங்கும் ஏறியிருக்கலாமே என்று கேட்கலாம். ஏறவில்லை. உணவுப் பயிர் பரப்பு பல ஆண்டுகளாக எட்டாயிரம் ஹெக்டேருக்குச் சற்று முன்பின்னாகவே நிற்கிறது. அரிசியும் கோதுமையும் ஏறக்குறைய முழுதும் இறக்குமதி. 1968இல் சுதந்திரம் பெற்றபோதும் அப்படித்தான். அன்று சர்க்கரை விற்று அரிசி வாங்கினார்கள், இன்று சுற்றுலாவும் வங்கித் தொழிலும் வில்லாவும் விற்று வாங்குகிறார்கள்.

எது மேல் என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். தோட்டத் தொழிலாளிக்கு மொரீஷியஸ் மேல். பணமும் மனையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பிஜியின் குத்தகைதாரர் தான் கட்டிய வீட்டைத் தானே பிரித்து கூரைத் தகட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதுண்டு. நிலத்துக்கு, பயிர்செய்யும் தகுதி மிச்சமிருக்கிறதா என்ற அளவில், பிஜி மேல். ஒரு சிறிய நாடு இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். மொரீஷியஸ் முதல் கணக்கில் நன்றாகச் செய்துவிட்டு, அதைக் காட்டி இரண்டாவதை மூடி மறைக்கிறது. பிஜி இரண்டாவதில் தப்பித்தது திட்டத்தால் அல்ல, திட்டமின்மையால்.

மொரீஷியஸில் வில்லாவாகிவிட்ட நிலத்தைப் பற்றி இனி முடிவெடுக்க எதுவும் இல்லை. பிஜியில் இருக்கிறது. சமவெளியில் கரும்பு கூடுமா குறையுமா என்பதைச் சர்க்கரை விலையைவிடக் குத்தகைப் புதுப்பிப்புகளே தீர்மானிக்கும். 1997இல் புதுப்பித்துக் கொடுக்கப்பட்ட முப்பதாண்டுக் குத்தகைகள் 2027இல் முடிகின்றன.